சான்டானாவா, ஃபெலிக்ஸா?

பேஸ்பாலில் பந்து வீசும் வெனிசுவேலா பிட்சர்களில் யாருடைய ஆட்டங்களைத் தேடிப் பார்ப்பது என்று குழம்புபவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இருவரிடம்தான்.

உச்சம்: யோஹான் சான்டானா 2004, 2006 இரண்டிலும் ஒரு ஓட்டுகூடச் சிதறாமல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர்.
ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு ஒன்றுதான், 2010இல். அந்த வருடம் 13 வெற்றி, 12 தோல்வி. அணி ரன் எடுக்காவிட்டால் பாவம், பிட்சர் என்ன செய்வார்?

உழைப்பு: சான்டானா 139 வெற்றிகளோடு சரி, தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை.
ஃபெலிக்ஸ் 19 வயதில் வந்து, 2019 வரை சியாட்டில் அணிக்கு மட்டுமே ஆடி, 169 வெற்றிகள்.

மறக்க முடியாத இரவு சான்டானாவுடையது: 2012 ஜூன் 1, நியூயார்க் மெட்ஸ் அணி வரலாற்றின் முதல் நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம். தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்தவர் 134 பந்துகள் வீசினார். அந்த வருட ஆகஸ்டுக்குப் பிறகு பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் அவர் வீசவே இல்லை.
அதே ஆகஸ்டில் ஃபெலிக்ஸ், டாம்பா பே அணியினர் பேட் பிடிக்க வந்த 27 முறையும் வரிசையாக அவுட்டாக்கி பெர்ஃபெக்ட் கேம் முடித்தார்.

சேஞ்ச்அப் கற்க நினைக்கும் இடதுகைப் பையன்களுக்கு சான்டானா. வேகப்பந்து போலவே கை சுழலும், பந்து மட்டும் தாமதமாக வரும். பேட் அதற்குள் சுழன்று முடிந்திருக்கும். ஒரே அணியோடு கிடக்கும் விசுவாசம் பிடிக்கும் என்றால் ஃபெலிக்ஸ். என் ஓட்டு சான்டானாவுக்கு.