பங்களிப்பாளரிடம் ஒப்பந்தம் வாங்குவதா, ஒற்றை வரி போதுமா?

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ நாலு மாணவர்கள் சேர்ந்து அம்பாறை அரிசி ஆலைகளுக்குக் கட்டற்ற, அதாவது எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய, கணக்கு மென்பொருள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டம் முழுக்க எம்ஐடி உரிமமா ஜிபிஎல் உரிமமா என்ற வாதத்திலேயே கழியும். உண்மையில் அது அரை மணி நேர விடயம். பிறகு வந்து கழுத்தைப் பிடிப்பது, வெளியார் அனுப்பும் நிரல் யாருடையது என்ற கேள்விதான்.

உரிமத்தை முதலில் முடித்துவிடலாம். எம்ஐடி என்றால் கல்முனையில் ஒரு கடைக்காரர் நிரலை எடுத்து, மாற்றி, மூலத்தைப் பூட்டி விற்கலாம்; பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் கூடவே இருந்தால் சரி. ஜிபிஎல் 3 என்றாலும் விற்கலாம், ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலும் சேர வேண்டும். முதல் தடவை மீறியவர் அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் அவருக்கு மீளும். பழைய பதிப்பான ஜிபிஎல் 2இல் அந்தச் சலுகை இல்லை. ஆலைக் கணினியில் நிறுவும் மென்பொருளுக்கு இது போதும். உலாவியில் ஓடும் சேவைக்குப் போதாது, ஏனெனில் சேவையகத்தில் ஓடவிடுவது ஜிபிஎல் கணக்கில் விநியோகம் அல்ல. 2007இல் வந்த ஏஜிபிஎல் 3 என்ற உரிமம் அந்த ஓட்டையை அடைக்கிறது. "வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று சொந்தமாக ஒரு வரி சேர்ப்பவர்களும் உண்டு. சேர்த்தால் அது கட்டற்ற மென்பொருளே அல்ல. ஆலை நடத்துவதே வியாபாரம்தானே!

இனி வெளியார் நிரல். நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டினால் எடையில் கழிக்கும் 40 வரியை ஒருவர் அனுப்புகிறார். அவர் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்றால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, முதலாளிக்குரியது. எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் நிரலுக்குள் ஒளிந்து கிடக்கும்.

பங்களிப்பாளர் ஒப்பந்தம், அதாவது சிஎல்ஏ, திட்டத்துக்குப் பரந்த அனுமதியைத் தருகிறது. நாளை உரிமத்தை மாற்ற ஒவ்வொருவராகத் தேட வேண்டியதில்லை. பங்களிப்பாளர் பயப்படுவதும் அதற்குத்தான்: 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபோம் மென்பொருளைக் கட்டற்ற உரிமத்திலிருந்து எடுத்துவிட்டது, அதன் பழைய நிரலிலிருந்து ஓபன்டோஃபு என்ற திட்டம் தனியே பிரிந்தது. இன்னொரு தடையும் உண்டு. பதிவு செய்யாத மாணவர் குழுவின் சார்பில் யார் ஒப்பமிடுவது? தலைவர் பட்டம் பெற்றுக் கொழும்புக்குப் போனதும் அந்தத் தாள்கள் யாரிடம் இருக்கும்?

2004இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருனலுக்காக உருவான டிசிஓ, அதாவது பங்களிப்பாளரின் மூலச் சான்று, இதைவிட எளிது. ஒவ்வொரு கமிட்டின், அதாவது பதிவாகும் ஒவ்வொரு நிரல் மாற்றத்தின், அடியிலும் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு வரி. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்பதே அதன் பொருள். முதலாளியின் அனுமதியை அது வாங்கித் தராது, ஆனால் அனுப்பும் முன் ஒருதரம் யோசிக்க வைக்கும். பதிப்புரிமையையே எழுதி வாங்கிவந்த ஜிசிசி என்ற நிரல் தொகுப்பித் திட்டம்கூட 2021இல் டிசிஓவை ஏற்கத் தொடங்கியது. குறை என்னவென்றால், உரிமத்தை மாற்ற நினைத்தால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். 2011-12இல் காணொளி இயக்கியான விஎல்சியின் உள்இயந்திரத்தை ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற அப்படித்தான் ஆள் ஆளாகத் தேடினார்கள். "ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தியது" என்று தொடக்கத்திலேயே எழுதினால் இந்தச் சுமை ஓரளவு குறையும்.

இந்த அளவுத் திட்டத்துக்கு டிசிஓதான். ஒப்ப வரி இல்லாத கமிட்டைச் சோதனைக் கருவி தானாகவே தடுக்கட்டும். கடைசிக் கமிட்டில் மறந்தவர் அதையே திருத்தலாம். பல கமிட்டில் மறந்தவர் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில், பழைய கமிட்டுகளைத் திருப்பி எழுதும் ரீபேஸ் கட்டளைக்குச் சைன்-ஆஃப் தெரிவைக் கொடுத்துத் தன் கிளையை மீண்டும் தள்ள வேண்டும். அவருக்காக இன்னொருவர் அந்த வரியைப் போடக் கூடாது. மின்னஞ்சல் வரலாற்றில் நிரந்தரமாகப் பதியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறர் எழுதிய நிரல் நூலகங்களைச் சேர்க்கும்போது ஒன்றைப் பாருங்கள். அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரல் ஜிபிஎல் 3உடன் சேரும், ஜிபிஎல் 2 மட்டும் என்றிருப்பதுடன் சேராது. தமிழ் எழுத்துருவுக்கு ஓஎஃப்எல் உரிமம் இருந்தால் அதன் உரிமக் கோப்பை எழுத்துருவின் கோப்புறைக்குள்ளேயே வையுங்கள்.