ஹோய் ஆன் பழைய நகர அனுமதிச் சீட்டு: ஜப்பானியத் தடம் தேடிச் செல்வோருக்கு

வியட்நாமின் நடுப்பகுதியில் உள்ள ஹோய் ஆன் பழைய நகரம் 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள பழைய வீடுகள், சீனர் சங்க மண்டபங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க உதவும் சீட்டுக்கு வெளிநாட்டவரிடம் 1,20,000 டாங் (வியட்நாம் நாணயம்) வாங்குகிறார்கள். ஒரே சீட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. எனவே பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இத்துறைமுகத்தில் குடியேறிய ஜப்பானிய வணிகர்கள் விட்டுச்சென்றவற்றைக் காண விரும்புவோர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

20,000 டாங் தாளில் அச்சாகியிருக்கும் ஜப்பானியப் பாலத்தைத்தான் எல்லோரும் முதலில் நாடுகிறார்கள். சுமார் 18 மீட்டர் நீளமுள்ள இந்தக் கூரைப்பாலத்தை ஜப்பானியர் 1593ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கினர் என்பது மரபு. ஒரு முனையில் குரங்குச் சிலைகளும் மறுமுனையில் நாய்ச் சிலைகளும் நிற்பதற்கு, ஆண்டுகளுக்கு விலங்குப் பெயரிடும் சீன நாட்காட்டியின்படி வேலை குரங்கு ஆண்டில் தொடங்கி நாய் ஆண்டில் முடிந்ததே காரணம் என்பார்கள். ஆனால் 1593 பாம்பு ஆண்டு. இரண்டு கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இந்தியாவில் தலையும் இங்கே முதுகும் ஜப்பானில் வாலுமாகக் கிடந்து நிலநடுக்கம் உண்டாக்கும் ஒரு பெரும் பிராணியை அடக்கவே பாலம் எழுந்தது என்னும் கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாலத்தை ஒட்டிய கோயில் பின்னாளில் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வண்டிகள் செல்வதற்காகச் சமப்படுத்திய நடைதளம் 1986ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்பில்தான் மீண்டும் வளைவு பெற்றது. ஆகவே இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி பிற்காலத்தவரின் கைவேலை. 2024 ஆகஸ்டில் புதுப்பித்துத் திறந்தபோது நிறம் பளிச்சென்று இருப்பதாகப் பலர் குறைபட்டனர். சிதைந்துகொண்டிருந்த மரங்களைக் காப்பாற்ற அந்த வேலை தேவையாக இருந்தது என்றே நான் கருதுகிறேன். வெயிலும் மழையும் நிறத்தைத் தணித்துவிடும்.

சீட்டின் முழு மதிப்பையும் தருவது திரான் ஃபூ தெருவில் உள்ள வணிகப் பீங்கான் அருங்காட்சியகம். கூட்டம் பாலத்திலேயே நின்றுவிடுவதால் இதற்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. 1635இல் ஜப்பானை ஆண்ட தோக்குகாவா அரசு தன் மக்கள் கடல் கடந்து செல்வதைத் தடை செய்தது. வெளியே இருந்தவர்கள் திரும்பி வரவும் அனுமதியில்லை. அதோடு இங்கிருந்த ஜப்பானியர் குடியிருப்பு மெல்லத் தேய்ந்தது. ஆயினும் அதே நூற்றாண்டின் நடுவில் மிங், சிங் அரச மரபுகளுக்கு இடையே நடந்த போர்களால் சீனப் பீங்கான் ஏற்றுமதி தடைபட்டபோது, ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள ஹிசென் பகுதிப் பீங்கான்கள் சீன, டச்சுக் கப்பல்களில் தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கு வந்தன. ஹோய் ஆன் மண்ணில் தோண்டியெடுத்த ஹிசென் பீங்கான் ஓட்டுத் துண்டுகள் அதற்குச் சான்று. மனிதர்கள் வர முடியாத காலத்திலும் அவர்கள் நாட்டுப் பொருள் இங்கே வந்துகொண்டிருந்தது என்பதை ஓட்டுத் துண்டுகளைக் கொண்டே காட்ட முடிகிறது என்பதால், இங்கே அவசரப்படாமல் நேரம் செலவிட வேண்டுகிறேன்.

பழைய வணிகர் வீடுகளைப் பற்றி எனக்கு அத்தனை உற்சாகம் இல்லை. கூரைச் சட்டங்களில் ஜப்பானியப் பாணி இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் அவற்றில் பல, தடை வந்து நூறாண்டுக்கும் மேல் கழிந்து எழுந்தவை. மரவேலைக்காக ஒரு வீட்டைப் பார்க்கலாம்.

சீட்டே தேவைப்படாத ஓரிடத்தைத் தவறவிடக் கூடாது. நகருக்கு வெளியே வயல்களுக்கு நடுவே, 1647இல் இறந்த யாஜிரோபே என்ற ஜப்பானிய வணிகரின் கல்லறை உள்ளது. தடைக்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு ஜப்பானியர் இங்கே இறந்து அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது, எந்தக் கூரைச் சட்டத்தையும்விட உறுதியான சான்று. வாடகை மிதிவண்டியில் வெயில் ஏறுமுன் போய்வருவது நல்லது. பிறகு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் பாலத்துக்குச் செல்லுங்கள். சீட்டில் மிஞ்சுவதை ஃபூஜியன் சீனர் சங்க மண்டபத்துக்குச் செலவிடலாம்.