விஎல்சி பிளேயர்: அந்த ஆரஞ்சுக் கூம்பு எதுவரை காப்பாற்றும்?

விண்டோஸ் கணினியில் படம் பார்க்க, பாட்டுக் கேட்க வருஷக்கணக்காக நான் வைத்திருப்பது, ஆரஞ்சுக் கூம்பை ஐகானாகக் கொண்ட விஎல்சி ஒன்றுதான். எதைக் கொடுத்தாலும் ஓட்டும் என்பது ஊரறிந்த விஷயம். இறக்கிய படம், பாட்டு வழியே வைரஸ் வந்தால் இது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நிம்மதி, கோடெக் (வீடியோவையும் ஒலியையும் பிரித்துப் படிக்கும் மென்பொருள்) தொல்லை இல்லை. ஒரு காலத்தில் வீடியோவைத் திறந்தால் "தனி கோடெக் வேண்டும்" என்று பெட்டி வரும். இறக்கினால் ஸ்லாப் (Zlob) மாதிரி ட்ரோஜன், அதாவது நல்ல புரோகிராம் போல வேஷமிடும் வைரஸ், வந்து உட்காரும். விஎல்சி தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் கோடெக் கேட்டு எந்த லிங்க்குக்காவது அனுப்பும் ஃபைலை யோசிக்காமல் அழித்துவிடுவேன்.

அதற்காக விஎல்சியில் ஓட்டையே இல்லை என்று அர்த்தமில்லை. 2017 மே மாதம் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கலாம்: வேண்டுமென்றே செய்த சப்டைட்டில் ஃபைலைக் கொண்டே கணினியைக் கைப்பற்றலாம் என்றது. விஎல்சி, கோடி (Kodi), பாப்கார்ன் டைம், ஸ்ட்ரீமியோ ஆகிய நான்கு பிளேயர்களுமே சிக்கின. சாதாரண எழுத்துதானே என்று சப்டைட்டிலை யாரும் சந்தேகப்படுவதில்லை. 2019 ஜூனில் வந்த 3.0.7 பதிப்பில் இன்னும் நிறைய ஓட்டைகளை அடைத்தார்கள். கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தது ஐரோப்பிய ஆணையம். பழைய பதிப்போடு காலம் தள்ளுபவர்களுக்கு இந்தத் திருத்தம் எதுவும் வந்து சேராது. தானாக அப்டேட் ஆகாமல் நம்மைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் இதில் எனக்குள்ள ஒரே எரிச்சல்.

ஆனால் பெரும்பாலான ஆபத்து வீடியோவே இல்லாத 'வீடியோ'வில் இருக்கிறது. எம்கேவி (.mkv, வீடியோ ஃபைல்) என்று தெரியும் பெயரின் வாலில் எக்ஸ்இ (.exe, இயங்கும் புரோகிராம்) ஒட்டியிருக்கும். விண்டோஸ் தானாகவே அந்த வாலை மறைத்துவிடும். எக்ஸ்இ ஃபைல் தன் ஐகானைத் தானே கொண்டுவரும் என்பதால் ஆரஞ்சுக் கூம்பையே போட்டுக்கொண்டும் வரலாம். எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லும் டிக் இதற்குப் போதும். ஷார்ட்கட்டுக்குப் போதாது. எல்என்கே (.lnk) என்ற ஷார்ட்கட்டின் வாலை, டிக் போட்டாலும் விண்டோஸ் காட்டாது. ஐகான் ஓரத்துக் குட்டி அம்புக்குறியும் 'டைப்' பத்தியும்தான் காட்டிக்கொடுக்கும். இந்த ஷார்ட்கட் வழியே விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் பவர்ஷெல்லை இயக்குவது டோரண்ட் உலகில் பழகிப்போன தந்திரம்.

அதனால் இறக்கியதை நான் டபுள் கிளிக் செய்வதே இல்லை. விஎல்சியை முதலில் திறந்து, மீடியா மெனு வழியாகத்தான் ஃபைலைத் தேர்ந்தெடுப்பேன். எக்ஸ்இயைக் கொடுத்தால் படமாக ஓட்டப் பார்த்துத் தோற்கும், அவ்வளவுதான். புரோகிராமாக இயங்காது.

இன்னொன்று. 2022இல் சில மாதங்கள் இந்தியாவில், விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் தளம் முடக்கப்பட்டிருந்தது. அப்போது பலரும் கண்ட தளங்களில் இன்ஸ்டாலரைத் தேடினார்கள். நவம்பரில் தடை நீங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் எங்கிருந்தோ எடுத்த விஎல்சி இன்னும் இருந்தால் நீக்கிவிட்டு, வீடியோலேன் தளத்திலிருந்தே புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.