பழைய றொக், பொப் பாட்டுகள்: ஸ்ட்ரீமிங்கா, சீடியா, இசைத்தட்டா, கசெட்டா?

திருகோணமலையில் பழைய பாட்டுப் பெட்டி வைத்திருக்கும் வீடுகளில் இரண்டு வகைப் பாட்டுகள் கலந்தே கிடக்கும். ஒரு பக்கம் பீட்டில்ஸ், அபா, போனி எம், ஈகிள்ஸ். மறுபக்கம் நம்முடைய பொப்: ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, இந்த ஊர்ப் பிள்ளைகளான பரமேஸ், கோணேஸ் சகோதரர்களின் பாட்டுகள். எதில் கேட்பது நல்லது என்று கேட்டால், இந்த இரண்டு வகைக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆங்கிலப் பாட்டுகளின் மூல நாடாக்கள் பெரும்பாலும் கொம்பனிகளிடம் இருக்கின்றன. அவற்றிலிருந்து திரும்பத் திரும்பப் புதுப் பிரதிகள் வருகின்றன. ஈழத்துப் பொப்புக்குப் பல வேளைகளில் உங்கள் வீட்டுக் கசெட்தான் மிஞ்சியிருக்கும் நல்ல பிரதி.

ஆங்கிலப் பாட்டுக்கு முதலிடம் ஸ்ட்ரீமிங்குக்கே. உப்புக்காற்று அதைத் தொடாது, செலவும் குறைவு. வினாடிக்கு 96 கிலோபிட் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 43 மெகாபைட், 320 கிலோபிட்டில் 144 மெகாபைட் டேட்டா போகும். வைஃபை உள்ள இடத்தில் உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் வெளியே டேட்டா தேவையில்லை. பிழை நடப்பது பதிப்பைத் தெரிவதில்தான். ‘ரீமாஸ்டர்’ என்றால் பழைய கலவை அப்படியே இருக்க, ஒலிச் சமநிலையும் சத்த அளவும் மட்டும் திருத்தப்பட்டிருக்கும். ‘ரீமிக்ஸ்’ என்றோ, ஆண்டோடு சேர்த்து ‘மிக்ஸ்’ என்றோ இருந்தால், குரலையும் கிற்றாரையும் ட்ரம்ஸையும் பிரித்தெடுத்துப் புதிதாகக் கலந்திருக்கிறார்கள். ‘ரீரெக்கோடட்’ என்றால் அதே பாடகர் வயது போன பிறகு திரும்பப் பாடியது. மலிவான ‘ஹிற்ஸ்’ தொகுப்புகளில் இது நிறைய வரும். தேடலில் முதலில் வந்ததைத் தட்டாமல், மூல அல்பத்துக்குள் போய்ப் பாட்டை எடுங்கள்.

பீட்டில்ஸ் கேட்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1963இல் வந்த முதல் இரண்டு அல்பங்களும் இரண்டே தடங்களில் பதிவானவை. ஸ்டீரியோவில், அதாவது இரண்டு பக்கமும் வேறு வேறு ஒலி வரும் பதிப்பில், வாத்தியங்கள் பெரும்பாலும் இடது பக்கம், குரல் வலது பக்கம். பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு போனால் பாதிப் பாட்டுத்தான் கேட்கும். ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் ‘மோனோ ஓடியோ’வைப் போட்டால் இரண்டும் ஒரே காதுக்கு வந்துவிடும். ஆனாலும் அந்தக் காலத்தில் மோனோவுக்கென்றே, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி, செய்த கலவை வேறு. 1967இன் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ அல்பத்தில் வரும் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் கொஞ்சம் வேகமாகவும், ஸ்டீரியோவைவிட அரைச் சுருதி மேலேயும் ஒலிக்கிறது. கூடவே கிற்றார் வாசிப்பவர் இது தெரியாமல் சுருதி கூட்டினால் ஒட்டவே ஒட்டாது.

சீடியை இப்போது யாரும் தேடுவதில்லை, அதனால் பழையவை மலிவாகக் கிடைக்கும். 1980களில் அச்சான பிரதிகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த ரீமாஸ்டர் பலவற்றில் மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் நெருக்கிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். ஸ்ட்ரீமிங் செயலி பிறகு அந்தச் சத்தத்தைக் குறைத்துத் தரும், நெருக்கப்பட்ட ஏற்ற இறக்கம் திரும்பி வராது. டயர் ஸ்ட்ரெயிற்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ (1985) போன்றவற்றுக்குச் சீடியே முழுப் பதிப்பு. இசைத்தட்டில் இடம் போதாமல் சில பாட்டுகளைச் சுருக்கினார்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பெயர் அச்சிட்ட மேல் பக்கத்தில் விழும் கீறல்தான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில்தான் மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது.

இசைத்தட்டின் மீது ஆசை வருவது இயல்பு. ஆனால் இங்கே புதிதாக அதில் காசு போடச் சொல்ல மனம் வரவில்லை. மாரிக் காலத்து ஈரத்தில் உறைக்கும் தட்டுக்கும் இடையே பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வெக்கையில் படுக்க வைத்த தட்டு நெளியும். கையில் ஏற்கெனவே இருந்தால் நிமிர்த்தி வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடையுங்கள். நடுவிலுள்ள லேபலை நனைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு அரக்கில் செய்தது, அதில் அற்ககோல் பட்டால் கரையும். அதற்கு ஊசியும் வேறு, எல்பி ஊசி சரிவராது.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் டேர்ன்ரேபிளில் (இசைத்தட்டு ஓட்டும் கருவியில்) ஒரு சிக்கல் இருக்கிறது. 120 வோல்ற் பிரச்சினையை ட்ரான்ஸ்ஃபோர்மர் தீர்க்கும். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடும் பழைய மோட்டார் என்றால் 33⅓ சுற்றுத் தட்டு ஏறக்குறைய 27.8 சுற்றில்தான் ஓடும், பாட்டு மூன்று அரைச்சுருதி இறங்கிவிடும். 50 ஹேர்ட்ஸுக்கான கப்பி மாற்ற வேண்டும். அடப்ரரில் ஓடும் டீசி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆங்கிலப் பாட்டைக் கேட்க மட்டும் என்றால் கசெட் கடைசி இடம்தான். ஆனால் ஈழத்துப் பொப் இருக்கும் கசெட்டை இன்றே எடுத்து வெளியே வையுங்கள். வலையில் கிடைக்கும் பிரதிகள் பல, பிரதியிலிருந்து பிரதி எடுத்து மங்கிப்போனவை. உங்களிடம் இருப்பது அதைவிட ஒரு தலைமுறை முந்தியதாக இருக்கலாம்.

முதலில் கசெட்டின் வாயைப் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் சிறிய செம்புத் தகட்டில் கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா, அதை வாசிக்கும் ஹெட்டில் அழுந்தாது, சத்தம் மங்கி வந்து வந்து போகும். கழித்த கசெட் ஒன்றிலிருந்து கழற்றிப் போடலாம். பிறகு நாடாவை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். 90 நிமிட சி-90 நாடா 60 நிமிட சி-60ஐவிட மெல்லியது, அது இழுபடும் என்பதால் இடையில் நிறுத்தி நிறுத்திச் சுற்ற வேண்டாம். கசெட் ஓட்டும் டெக்கின் ஹெட்டையும் உலோகத் தண்டையும் ஐசோப்ரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளையிலிருந்து பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். பாட்டு அலைந்து ஓடினால் உள்ளேயிருக்கும் பெல்ற் தளர்ந்திருக்கிறது, மாற்றாமல் பதிவைத் தொடங்காதீர்கள்.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சிறு திருகாணி ஹெட்டின் சரிவைத் தீர்மானிக்கிறது. பதிந்த டெக்கின் சரிவும் ஓட்டும் டெக்கின் சரிவும் வேறாக இருந்தால் கிற்றாரின் மினுக்கமும் ‘ச’ ஒலியும் அடங்கிவிடும். மோனோவில் கேட்டுக்கொண்டே, கால் சுற்றுக்கு மேல் போகாமல் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஆகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். இதை ஒவ்வொரு கசெட்டுக்கும் செய்ய வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பொத்தானை, கசெட்டில் டொல்பி என்று போட்டிருந்தால் மட்டும் அழுத்துங்கள்.

லப்டொப்பின் மைக் துளையில் நேரே செருகினால் பெரும்பாலும் மோனோவாக, அதுவும் கரகரத்துப் பதியும். ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று வாங்குங்கள். ஓடசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வைத்து, உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாமல் பதியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கிகாபைட் அளவு இடம் பிடிக்கும். இரைச்சலை நீக்கும் வேலையைப் பிரதியில் செய்யுங்கள், மூலப் பதிவைத் தொட வேண்டாம்.

வேகத்தைச் சரிபார்க்க ஆங்கிலப் பாட்டு உதவும். அதே கசெட்டில் ஒரே தடவையில் பதிந்த ஆங்கிலப் பாட்டு இருந்தால், அதில் தெளிவான இரண்டு ட்ரம்ஸ் அடிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, ஸ்ட்ரீமிங் பதிப்பின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். கசெட்டில் 97 வினாடி, அங்கே 100 வினாடி என்றால் நாடா ஏறக்குறைய 3 வீதம் வேகமாக, அரைச் சுருதியில் பாதி மேலே ஓடுகிறது. அதே அளவால் தமிழ்ப் பாட்டையும் குறைத்தால் குரல் தன் இடத்துக்கு ஓரளவு நெருங்கி வரும். பதிந்தபோது தட்டு ஓடிய வேகம் பாட்டுக்குப் பாட்டு மாறியிருக்கலாம் என்பதால் காதாலும் ஒருமுறை பாருங்கள்.

முடிந்ததும் தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பாகச் சேமித்து, கசெட் உறையின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும், இன்னொன்றை வெளியூரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவிடுங்கள்.