பத்தாயிரம் டாலருக்குக் கிடைக்கும் அவகாசம்: லாஸ் வேகஸ் மெயின் ஈவென்ட், ஒரு மதிப்பீடு

லாஸ் வேகஸில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' என்னும் சீட்டாட்டத் தொடரின் முதன்மைப் போட்டியான மெயின் ஈவென்டுக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2024இல் இந்தத் தொகையைக் கட்டி 10,112 பேர் களமிறங்கினார்கள். முதலிடம் பிடித்த ஜொனாதன் டமாயோவுக்கு ஒரு கோடி டாலர் கிடைத்தது. சீட்டாட்டம் என்றாலே அதிர்ஷ்டம்தானே, அதற்கு இவ்வளவு பணமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கட்டணத்துக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது அவகாசம் என்பதுதான் என் கருத்து. அதை நிதானமாகச் செலவிடத் தெரியாதவருக்கு இப்போட்டி கட்டுப்படியாகாது.

ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் பந்தயம் வைப்பதற்கான வில்லைகளாக 60,000 சிப்ஸ் தருகிறார்கள். சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயங்களுக்குப் பிளைண்ட் என்று பெயர்; முதல் சுற்றின் பெரிய பிளைண்ட் 200 மட்டுமே. அதாவது கையிருப்பு அதைப்போல் 300 மடங்கு. பிளைண்ட் தொகை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் உயர்கிறது. சாதாரண கசினோக்களின் மாலைநேரப் போட்டிகளில் அரை மணிக்குள் அது ஏறிவிடுவதால், சுமாரான சீட்டை வைத்துக்கொண்டே மொத்தத்தையும் பந்தயம் கட்ட வேண்டிய நெருக்கடி சீக்கிரமே வந்துவிடும். இங்கே முதல் நாள் முழுவதும் பெரும்பாலான கைகளை, அதாவது ஒவ்வொரு முறையும் பகிரப்படும் சீட்டுகளை, ஆடாமல் கவிழ்த்துவிட்டு, நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தாலும் கையிருப்பு பெரிதாகக் கரையாது. தோற்றால் மறுபடி பணம் கட்டி நுழையவும் வழியில்லை என்பதால் நிதானத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

கணக்கும் இதையே சொல்கிறது. ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு ராஜா ஜோடியை எதிர்த்து எல்லாவற்றையும் வைத்தாலும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை தோல்விதான். அப்படி 80 சதவீதம் சாதகமான மோதல்களையே தொடர்ந்து ஐந்து முறை சந்தித்தால், ஐந்திலும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே, மொத்தக் கையிருப்பையும் பணயம் வைக்க வேண்டிய தருணங்களைக் குறைத்துக்கொள்வதே தேர்ந்த ஆட்டக்காரரின் வேலை.

முற்றிலும் தவிர்க்க முடியாது என்பதற்கு 2003ஆம் ஆண்டுப் போட்டியே சான்று. பத்துப் பேர் எஞ்சியிருந்த நேரத்தில் கிறிஸ் மணிமேக்கரிடம் ஏஸும் ராணியும், ஃபில் ஐவியிடம் ஒன்பது ஜோடியும் இருந்தன. ஆட்டக்காரர் எல்லோரும் தம் இரு சீட்டுகளோடு சேர்த்துக்கொள்ளும் பொதுச்சீட்டுகளில் முதலில் விரிந்த மூன்றில் இரண்டு ராணிகள், ஒரு ஆறு. நான்காவதாக ஒன்பது விழுந்ததும் ஐவிக்கு மூன்று ஒன்பதும் இரண்டு ராணியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் அமைந்து, மணிமேக்கரின் மூன்று ராணிகளை மிஞ்சிவிட்டது. மிச்சமிருந்த 44 சீட்டுகளில் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை ஏழே ஏழு. கடைசிச் சீட்டாக ஏஸ் வந்து, மூன்று ராணி, இரண்டு ஏஸ் என்று அதைவிட உயர்ந்த ஃபுல் ஹவுஸை மணிமேக்கருக்குத் தந்தது. ஐவி வெளியேறினார். 86 டாலர் கட்டி இணையவழித் தகுதிச் சுற்றில் வென்று வந்திருந்த மணிமேக்கர், 25 லட்சம் டாலருடன் பட்டத்தையும் வென்றார். ஐவி ஆடியதில் பிழையேதும் சொல்ல முடியாது.

குறை என்றால், பரிசு எல்லைக்கு அருகில் நடப்பதைச் சொல்ல வேண்டும். 2024இல் 1,517 பேருக்குப் பரிசு. கடைசி இடங்களுக்கு 15,000 டாலர். அந்த எல்லை நெருங்கியதும், எல்லா மேசைகளும் ஒரு கை முடித்துக் காத்திருந்து அடுத்த கையைத் தொடங்கும் முறைக்கு ஆட்டம் மாறுகிறது. அதற்கு முன்பே, சிப்ஸ் குறைந்தவர்கள் கவிழ்க்கப்போகும் சீட்டையே வெகுநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு, வேறு மேசையில் யாராவது வெளியேறட்டும் என்று காலம் கடத்தத் தொடங்கிவிடுவார்கள். பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டும். கையில் சிப்ஸ் குவித்து வைத்திருப்பவரோ அந்தப் பயத்தையே அறுவடை செய்கிறார். இத்தனை பதுங்கலுக்கும் கிடைப்பது 5,000 டாலர் லாபம். தொலைவிலிருந்து வருபவருக்கு விமானக் கட்டணம், அறை வாடகை, வரிப் பிடித்தம் என்று அதுவும் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஆகவே, முழுக் கட்டணத்தையும் சொந்தப் பணத்தில் கட்டச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கேயே நடக்கும் குறைந்த கட்டணத் தகுதிச் சுற்றுகளில் முயன்று பார்க்கலாம். இடம் கிடைத்தால் முதல் நாளின் முதல் சுற்றிலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டாம் நாள்வரை பதிவு திறந்திருக்கிறதே என்று தாமதமாக வருபவர், பிளைண்ட் மலிவாக இருக்கும் மணிநேரங்களைத்தான் இழக்கிறார்.