டிடிஎஸ் மீட்டரா, ஆய்வகச் சோதனையா? போர்த் தண்ணீரை எதை நம்பிப் பாய்ச்சுவது

போர்வெல்லில் தண்ணீர் வந்ததும் பலர் முதலில் தேடுவது, தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை (டிடிஎஸ்) காட்டுகிற, பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரைத்தான். டம்ளரில் பிடித்து முக்கினால் சில நொடியில் எண் வந்துவிடும். 700 என்று காட்டினால் மனசுக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நம்பி வயலுக்குப் பாய்ச்சலாமா?

மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எந்த அளவுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதைப் பெருக்கி டிடிஎஸ் ஆக்குகிறது. சில மீட்டர் 0.5 ஆல் பெருக்கும், சில 0.7 ஆல். ஒரே தண்ணீருக்கு இரண்டு மீட்டர் இரண்டு கணக்குச் சொல்வது இதனால்தான். வாங்குவதானால் அந்த மின்கடத்தும் திறனை, அதாவது இ.சி. அளவையே காட்டுகிற மீட்டராக வாங்குங்கள். 0.75 டெசிசீமென்ஸுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு உப்பால் தொல்லையில்லை. 2.25 ஐத் தாண்டினால் வெங்காயம், பீன்ஸ் எல்லாம் நன்றாகவே அடிவாங்கும்.

ஆனால் மீட்டருக்கு உவர் (மொத்த உப்பு மிகுதி) தெரியும், களர் (சோடியம் மிகுதி) தெரியாது. எவ்வளவு உப்பு என்று சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. இ.சி. 1.2 தான் இருக்கும், ஆய்வகத்தில் பார்த்தால் பைகார்பனேட் 8, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 3 என்று வரும். மிச்சம் லிட்டருக்கு 5 மில்லி ஈக்விவலன்ட். இதைத்தான் ஆர்.எஸ்.சி., அதாவது எஞ்சிய சோடியம் கார்பனேட் என்கிறார்கள். 2.5 க்கு மேல் போனாலே அது பாசனத்துக்கு ஆகாத தண்ணீர். அப்படிப் பாய்ச்சிய மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கும், காய்ந்ததும் மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிடும். இதிலே கொடுமை, சோடியம் மிகுந்த தண்ணீரில் மொத்த உப்பு குறைவாக இருந்தால் மண் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மீட்டரோ அதைத்தான் நல்ல தண்ணீர் என்று காட்டும்.

ஆய்வக அறிக்கை வைத்தியத்துக்கும் கணக்குத் தரும். ஆர்.எஸ்.சி.யில் ஒரு மில்லி ஈக்விவலன்ட் குறைக்க, 10 லட்சம் லிட்டர் தண்ணீருக்குச் சுத்தமான ஜிப்சம் 86 கிலோ.

ஆய்வகத்தின் குறை, அது ஒரு நாளைய தண்ணீரை மட்டுமே பார்க்கும். மே மாதத் தண்ணீரும் மழைக்குப் பிந்தைய தண்ணீரும் ஒன்றல்ல. மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும்: மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, வழிய நிரப்பி மூடிக் கொடுங்கள்.

சொட்டுநீருக்கோ மரக்கன்றுக்கோ பணம் போடும் முன் ஆய்வகம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் மாதம் ஒருமுறை மீட்டர் போதும். கடலோரத்தில் உப்பு ஏறுவதை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். எண் திடீரென்று எகிறினால், அன்றைக்கே இன்னொரு பாட்டில் பிடியுங்கள்.