சிற்றி ஓட்டமா, ஹைவே ஓட்டமா? ஓவர்டைம் கணக்கோடு ஒரு அலசல்

ரொறன்ரோப் பக்கம் ஏ இசட் லைசென்ஸ், அதாவது பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டும் லைசென்ஸ், எடுத்து முடித்த நம்முடைய ஆட்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சிற்றியில் ஓடுவதா, ஹைவேயில் ஓடுவதா? நான் இரண்டும் ஓடியவன், இப்போது சிற்றியில்தான் ஓடுகிறேன், திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிற்றி என்றால் இரவில் வீட்டுச் சோறு, சொந்தக் கட்டில். ஆனால் நாள் முழுக்க ஒடுக்கமான சந்துகளில் ரிவர்ஸ் அடிக்க வேண்டும், 401 பெருந்தெரு நெரிசலில் கிளச்சோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹைவே என்றால் அமைதி, நீளமான ரோட்டு, யாரும் தலைக்கு மேல் நின்று கத்தமாட்டார்கள், ஆனால் பிள்ளையின் பிறந்தநாளைப் போனில்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது, இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

யாரும் கேட்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஓவர்டைம் எத்தனையாவது மணித்தியாலத்தில் தொடங்குகிறது?

டொக்கில் உங்கள் ட்ரெய்லரில் இருந்து சாமான் இறக்கும் வெயார்ஹவுஸ் தொழிலாளிக்கு ஒன்ராறியோவில் கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால் ஒன்றரை மடங்கு சம்பளம். அவருக்கு முன்னால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அப்படி இல்லை. ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடும் கம்பெனி என்றால், கூலிக்குச் சாமான் ஏற்றி நகரத்துக்குள்ளும் அதன் எல்லையில் இருந்து 5 கிலோமீற்றருக்குள்ளும் ஓடுகிறவருக்கு 50 மணித்தியாலத்துக்கு மேலே, ஹைவே ஓட்டுநருக்கு 60க்கு மேலே. கம்பெனி மாகாணம் தாண்டியோ அமெரிக்காவுக்கோ வழக்கமாக ஓடுகிறது என்றால் நீங்கள் மத்திய அரசின் தொழிலாளர் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். அங்கே சிற்றி ஓட்டுநருக்கு ஒரு நாளில் 9 அல்லது கிழமையில் 45 தாண்டினாலே ஓவர்டைம், ஹைவேக்காரருக்கு மறுபடியும் அதே 60.

அதாவது மத்திய சட்டத்தில் ஒரே யார்டு, ஒரே ட்ரக், ஒரே லைசென்ஸ், ஆனால் இரண்டு ஓட்டுநருக்கு நடுவில் கிழமைக்கு 15 மணித்தியால வித்தியாசம். மணிக்கு 30 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 55 மணித்தியாலம் ஓடின கிழமையில் சிற்றிக்காரருக்கு 45 மணித்தியாலம் சாதாரணச் சம்பளம், மீதி 10 மணித்தியாலம் 45 டொலர்படி, மொத்தம் 1,800. அதே மணிச் சம்பளத்தில் ஹைவேக்காரருக்கு 1,650. கிழமைக்கு 150 டொலர், அதுவும் ஒரு வேலையும் கூடச் செய்யாமல்.

அதுகூட ஹைவேக்காரருக்கு மணிச் சம்பளம் கொடுத்தால்தான். பெரும்பாலான ஹைவே வேலை மைல் கணக்கு. மைலுக்கு 60 சதம், கிழமைக்கு 2,500 மைல் என்றால் 1,500 டொலர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 2,500 மைலை ஓட எத்தனை மணித்தியாலம் போனது என்று கூட்டிப் பாருங்கள். ட்ரக்குகளுக்கு ஒன்ராறியோவில் மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி பூட்டு இருக்கிறது. ட்ரக்கைச் சுற்றி வந்து பார்க்கும் பரிசோதனை, டீசல், எல்லைக் கியூ, லோட் கட்டுவது, டொக்கில் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் 65 மணித்தியாலம் சும்மா வந்துவிடும். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 23 டொலர்தான் தேறும்.

சிற்றி, ஹைவே என்று பார்ப்பதைவிட, காத்திருக்கும் நேரம் யாருடைய கணக்கில் போகிறது என்று பார்க்க வேண்டும். என்னை மாற வைத்ததும் அதுதான்.

கனடாவில் மணித்தியாலக் கட்டுப்பாடு இப்படி: ஒரு நாளில் 13 மணித்தியாலம் வண்டி ஓட்டலாம், ஓட்டுவதும் மற்ற வேலையும் சேர்ந்து 14 ஆனால் அதற்கு மேலே ஓட்டக் கூடாது. வேலை தொடங்கியதில் இருந்து 16 மணித்தியாலம் போய்விட்டாலும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளில் 10 மணித்தியாலம் ஓய்வு, அதில் 8 தொடர்ச்சியாக. 7 நாளில் 70 மணித்தியாலம். (120 மணித்தியாலம் 14 நாளில் என்று இன்னொரு சுற்றும் உண்டு, அதை எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு.) நியாயமான சட்டம் போலத்தான் இருக்கும். அந்த 10 மணித்தியால ஓய்வில் மீதி 2 மணித்தியாலம் இருக்கிறதே, அதை அரை மணித்தியாலத் துண்டுகளாகக் கூடப் பகலில் எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் விளையாட்டு.

டொக்கில் போய் நின்றால் மூன்று மணித்தியாலம் கதவு திறக்கமாட்டார்கள். ஓட்டங்களைப் பிரித்து அனுப்பும் டிஸ்பாட்சுக்குப் போன் அடித்தால் வரும் பதில்: "அண்ணை, அதை ஓஃப் டியூட்டியில போட்டு விடுங்கோ, உங்கட அவர்ஸ் வீணாப் போகாது." சொல்வது உங்கள் நன்மைக்குப் போலவே இருக்கும். உண்மையில் என்ன நடக்கிறது? நீங்கள் ட்ரக்கை விட்டு அசைய முடியாது, முடிந்தது என்று காட்டும் பச்சை லைட் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தபடியே இருக்க வேண்டும், ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கும்போது ட்ரெய்லர் ஆடும் ஆட்டத்தில் கண் மூடவும் முடியாது. மணித்தியாலத்தைப் பதியும் ஈ.எல்.டி கருவியின் திரையில் மட்டும் அது ஓய்வு. அந்த ஓய்வு அன்றைய 10 மணித்தியாலத்தில் 2ஐக் கழித்துவிடும். 14 மணித்தியாலக் கணக்கும் ஓடாமல் நிற்கும். ஆகவே இரவு பத்து மணிக்கும் உங்களுக்கு ஓட்ட "நேரம் மிச்சம்" இருக்கும், உடம்பில் மிச்சம் இருக்கிறதா என்று திரை கேட்காது. கடைசியில் படுக்கக் கிடைப்பது அந்த 8 மணித்தியாலம், அதற்குள்தான் சாப்பாடு, குளிப்பு, வீட்டுக்குப் போன்.

அதோடு முடியவில்லை. ஓஃப் டியூட்டி என்று நீங்களே அழுத்திய மணித்தியாலத்தைப் பிறகு ஓவர்டைம் என்று கேட்க எந்த முகத்தோடு போவது? மைல் கணக்குக்காரருக்கும் மத்திய சட்டத்தில் 60க்கு மேலே ஓவர்டைம் உண்டு, சம்பளம் மைலில் வருகிறது என்பதற்காக அது இல்லாமல் போவதில்லை. ஆனால் டொக் நேரத்தை எல்லாம் ஓய்வாகக் காட்டிவிட்டால் 68 மணித்தியாலம் கண்ணைக் கசக்கியவருக்குக் கூடப் பதிவில் 56தான் நிற்கும். 60 என்ற கோட்டையே தொடமாட்டார். ஒன்ராறியோ விதியிலும் ஹைவேக்காரருக்கு, ட்ரக்குக்கு நேரடியாகப் பொறுப்பாக இருந்த மணித்தியாலம் மட்டுமே கணக்கில் சேரும் என்று இருக்கிறது. டொக்கில் சாவியோடு உள்ளே உட்கார்ந்திருப்பவர் பொறுப்பில் இல்லையென்றால் வேறு யார் பொறுப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிற்றியில் இது தலைகீழ். மணிச் சம்பளம் என்பதால் டொக்கில் நிற்பதும் வேலைதான், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மணித்தியாலம் ஒரு கஸ்டமர் என்னை நிறுத்தி வைத்தால் பதறுவது நான் இல்லை, டிஸ்பாட்சர். அவரே போன் அடித்துச் சண்டை பிடிப்பார், காத்திருப்புக்குப் பில் போடுவார், அடுத்த முறை அந்த இடத்துக்கு நேரம் மாற்றி அனுப்புவார். நேரத்துக்குக் காசு என்று வந்தவுடனே கம்பெனிக்கு எவ்வளவு அறிவு வருகிறது என்று பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

சரி, அப்போ சிற்றி என்று எழுதியிருந்தால் போதுமா என்றால் போதாது. மத்திய சட்டத்தில் சிற்றி ஓட்டுநர் என்பவர் தன் யார்டில் இருந்து 10 மைல், அதாவது 16 கிலோமீற்றர் சுற்றளவுக்குள் மட்டும் ஓடுகிறவர். பிரம்டன் யார்டில் இருந்து ஸ்காபரோவுக்கு ஒரு டெலிவரி போனாலே அந்த வட்டம் உடைந்துவிடும். ஆனால் அந்த விதியிலேயே, அந்தப் பகுதியில் தொழில் வழக்கப்படி சிற்றி ஓட்டுநராகக் கருதப்படுபவரும், யூனியன் ஒப்பந்தத்தில் அப்படி வகைப்படுத்தப்பட்டவரும் சேர்வார்கள் என்று இருக்கிறது. சில கம்பெனிகள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, தினமும் வீட்டுக்குப் போய்ப் படுக்கும் ஓட்டுநரையும் ஹைவே என்று வைத்து 60 மணித்தியாலக் கோட்டில் நிறுத்திவிடும். எனவே நேர்முகத்தில் மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், ஓவர்டைம் 45லா 50லா 60லா என்று கேளுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். மணிக்கு 2 டொலர் குறைவாகத் தந்து 45ல் தொடங்கும் இடம், கூடத் தந்து 60ல் தொடங்கும் இடத்தைவிட நீண்ட கிழமைகளில் மேலாக இருக்கும்.

மூன்றாவதாக ஒரு பாதையும் காட்டுவார்கள்: சொந்தப் பெயரில் கோர்ப்பரேஷன் திறந்துகொள், கழிவில்லாமல் முழுக் காசு வரும். டிரைவர் இன்க் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ட்ரக் அவர்களுடையது, வேலை அவர்கள் சொல்வது, நீங்கள் மட்டும் "கம்பெனி". ஓவர்டைம், விடுமுறைச் சம்பளம், வேலை போனால் வரும் ஈ.ஐ காப்புறுதிக் காசு எல்லாமே கையை விட்டுப் போகும், வருமான வரிக்காரர் பிறகு கணக்குக் கேட்டால் பதில் சொல்வதும் நீங்கள்தான். இதை நான் ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன்.

ஹைவேக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. டொக்கே பார்க்காமல் ட்ரெய்லரை விட்டு வேறு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு வரும் ஓட்டங்கள் இருக்கின்றன. ரொறன்ரோவில் இருந்து மொன்றியல் 540 கிலோமீற்றர், பாதி வழியில் எதிரே வருபவரோடு ட்ரெய்லர் மாற்றிக்கொண்டு திரும்பினால் இரவில் வீடு. அப்படி ஓட்டத்தில் மைல் கணக்கு உண்மையாகவே நல்ல காசு, காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. அது கிடைத்தால் நான் சொன்ன பாதி வாதம் விழுந்துவிடும். கிடைப்பது சீனியர் ஆட்களுக்கு என்பதுதான் சிக்கல். யூனியன் கம்பெனியில் நான் ஓடியதில்லை, அங்கே காத்திருப்புக்கும் காசு என்று நண்பர்கள் சொல்வார்கள். அமெரிக்க ஓட்டமும் எனக்குக் கொஞ்சம்தான். அங்கே 11 மணித்தியாலம்தான் ஓட்டலாம், வேலை தொடங்கியதும் 14 மணித்தியாலக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், டொக்கில் ஓஃப் டியூட்டி போட்டாலும் சாதாரணமாக அது நிற்காது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுடைய விதி நம்முடையதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம்.

எந்தப் பக்கம் போனாலும் ஒன்று செய்யுங்கள். ஈ.எல்.டி பதிவைக் கிழமைக்கு ஒரு முறை உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள், டொக்கில் நின்ற நேரத்தை உள்ளே வந்த, வெளியே போன கேட் சீட்டோடு தனியாகக் குறித்து வையுங்கள். கம்பெனி அந்தப் பதிவுகளை 6 மாதம்தான் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். வராத சம்பளத்துக்கு முறைப்பாடு செய்ய ஒன்ராறியோச் சட்டத்தில் 2 வருடம் உண்டு, மத்திய சட்டத்தில் 6 மாதம்தான். வேலையை விட்ட பிறகு ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருந்தால், பதிவும் மத்திய சட்டத்தில் முறைப்பாடு செய்யும் காலமும் ஒன்றாகவே முடிந்துபோகும்.